எண் உடையுமா? எங்கே உடையும்?

91 பகா எண்ணா என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கை தூக்கும். "ஆமாம் டீச்சர், பகா எண்தான்" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 91 ஒற்றைப்படை எண். 0இலோ 5இலோ முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 10 வருகிறது, அதனால் 3ஆலும் வகுபடாது. பத்தாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்த பிள்ளை 91ஐ அதில் எங்குமே பார்த்திருக்காது. பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரை போன ஒன்றிரண்டு பேர்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு, டீச்சர்" என்பார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காரணி, மடங்கு, பகா எண் என்று வரும் இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓர் எண் உடையுமா, உடையாதா என்பது முதல் கேள்வி. உடையும் என்றால் எங்கே உடையும் என்பது இரண்டாவது. பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: 91 உடையும், ஏனென்றால் அது 7 × 13. எண் பெரிதாகப் பெரிதாகத்தான் இரண்டும் விலகத் தொடங்கும். 600 இலக்கம் உள்ள ஓர் எண்ணைக் கொடுத்தால், அது உடையுமா என்று கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். எங்கே உடையும் என்று கேட்டால் உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் கையை விரிக்கலாம். அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைப் பள்ளிக் கணக்கிலிருந்தே தொடங்கிச் சொல்லிவிட முடியும்.

காரணியை நான் வரையறையில் தொடங்கியதில்லை. ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுப்பேன். 12 கொட்டையை எடுத்துக் கட்டமாக அடுக்கச் சொல்வேன். ஒரே வரிசையில் 12 வைக்கலாம். இரண்டு வரிசையில் ஆறாறாக வைக்கலாம். மூன்று வரிசையில் நான்கு நான்காக வைக்கலாம். ஐந்து வரிசை போடப் பார்த்தால் இரண்டு கொட்டை மிஞ்சும். மிச்சம் இல்லாமல் அடுக்க எத்தனை வரிசை போடலாமோ அவைதான் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அடுத்து 13 கொட்டை. பிள்ளைகள் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கோடாத்தான் வருது, கட்டமே வரல" என்பார்கள். கட்டம் வராத எண்தான் பகா எண். இதைச் சொல்லிக்கொடுக்க வேறு வாக்கியம் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஒற்றைக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஒண்ணு?" என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. பகா எண்ணுக்கு 1, தான் என இரண்டு காரணிகள் வேண்டும். 1க்கு ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மையான காரணம் இன்னும் ஆழமானது. 12ஐப் பகா எண்களாக உடைத்தால் 2 × 2 × 3 என்று ஒரே விடைதான் வரும்; யார் உடைத்தாலும், எந்த வரிசையில் உடைத்தாலும் அதுதான். 1ஐயும் பகா எண்ணாகச் சேர்த்துக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று விடைகள் முடிவில்லாமல் நீளும். ஒரு எண்ணுக்கு ஒரே உடைப்பு என்ற ஒழுங்கைக் காப்பாற்றத்தான் 1ஐ வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

கட்டமே வராத எண்கள் ஒரு பக்கம் என்றால், விதவிதமாகக் கட்டம் வரும் எண்கள் மறுபக்கம். 60ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று அதற்கு 12 காரணிகள். 60க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. நம் பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. அதில் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று என்று எதைக் கேட்டாலும் முழு நாழிகையாகவே வரும். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 போன்ற எண்களை எடுத்து, அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ராமானுஜன் ஆராய்ந்தார். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அந்த நீண்ட கட்டுரை வந்தது. அதற்காகத்தான் அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் 1729 கதையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 60இன் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. 1729க்குப் பிறகு வருகிறேன். அதற்கு இன்னொரு முகமும் உண்டு.

மடங்கைச் சொல்லவும் 60தான் கை கொடுக்கும். ஓர் எண்ணின் காரணிகள் ஓர் இடத்தில் முடிந்துவிடும். மடங்குகள் முடிவதே இல்லை. குரு ஒரு ராசியில் ஏறத்தாழ ஓராண்டு இருக்கும். 12 ராசியையும் சுற்றிவர 12 ஆண்டு. சனிக்கு ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. முழுச் சுற்றுக்கு 30 ஆண்டு. குரு தொடங்கிய இடத்துக்கு வரும் ஆண்டுகள் 12, 24, 36, 48, 60. சனி வருவது 30, 60. இரண்டும் ஒன்றாக வந்து சேரும் முதல் ஆண்டு 60. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு, அதன் பிறகு அறுபதாம் கல்யாணம். பஞ்சாங்கம் பார்க்கும் தாத்தா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மீச்சிறு பொது மடங்கு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியிருந்ததே இல்லை.

இனி, உடையுமா என்ற முதல் கேள்வி. இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பஸ் நிறுத்த விளையாட்டு. எதிரே வரும் வண்டியின் நம்பர் பகா எண்ணா என்று பஸ் வருவதற்குள் சொல்ல வேண்டும். வண்டி நம்பர் அதிகம் போனால் 9999. கட்டம் அடுக்கியதை நினைத்துக்கொண்டால், காரணிகள் ஜோடியாகத்தான் வரும்: 12க்கு 1-12, 2-6, 3-4. ஜோடியில் ஒன்று பெரிதானால் மற்றது சிறிதாகும். இரண்டுமே 100 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்குத்தொகை 10,000ஐத் தொட்டுவிடும். ஆகவே நான்கு இலக்க எண் எதுவாக இருந்தாலும், அது உடையக்கூடியது என்றால் ஜோடியில் ஒன்று 100க்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அதிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 2 வகுக்காத எண்ணை 4ஓ 6ஓ வகுக்கப்போவதில்லை. 100க்குள் பகா எண்கள் மொத்தம் 25:

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97.

இந்த 25ஐ மனப்பாடம் செய்துகொண்டால் தமிழ்நாட்டில் ஓடும் எந்த வண்டியின் நம்பரையும் சோதித்துவிடலாம். பட்டியலை யாராவது சொன்னார்கள் என்று நம்ப வேண்டியதும் இல்லை. 1 முதல் 100 வரை எழுதி, 1ஐ அடித்துவிட்டு, 2ஐ விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள். அடுத்து 3இன் மடங்குகள், 5இன் மடங்குகள், 7இன் மடங்குகள். அவ்வளவுதான், மிஞ்சுவது பகா எண்கள். 7உடன் நிறுத்தக் காரணம், அடுத்த பகா எண் 11. 11 × 11 நூறைத் தாண்டிவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் காட்டிய வழி இது.

8633 என்ற நம்பரை எடுத்துப் பார்ப்போம். ஒற்றைப்படை, 5இல் முடியவில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 20, ஆகவே 3 இல்லை. 10, 100, 1000 எதை 3ஆல் வகுத்தாலும் 1 மிஞ்சும். அதனால்தான் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே போதுமாகிறது. அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. 7 × 11 × 13 = 1001. ஆகவே கடைசி மூன்று இலக்கத்திலிருந்து ஆயிரத்தின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். 633 − 8 = 625. அது 5 × 5 × 5 × 5. அதில் 7உம் இல்லை, 11உம் இல்லை, 13உம் இல்லை. மூன்றும் ஒன்றாகப் போயின. இனி வகுத்துத்தான் பார்க்க வேண்டும். 17ஆல் வகுத்தால் மீதி 14. 19க்கு 7. 23க்கு 8. 29க்கு 20. இப்படியே போய் 79க்கு மீதி 22. 83க்கு மீதி 1. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு நழுவும்போது பிள்ளைகள் உச்சுக்கொட்டுவார்கள். 93 × 93 = 8649, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. அதனால் 92க்கு மேல் பார்க்கத் தேவையில்லை. அதற்குள் பட்டியலில் எஞ்சியிருப்பது 89 ஒன்றுதான். 89 × 97 = 8633. கடைசி வகுத்தலில் உடைகிறது!

இதே எண்ணை ஒரே வரியில் உடைத்துக் காட்டலாம். 93இன் வர்க்கம் 8649. அதிலிருந்து 8633ஐக் கழித்தால் 16; அது 4இன் வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பதைக் கூட்டல், கழித்தலாகப் பிரிக்கலாம் என்று எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் படித்திருப்பீர்கள். (93 − 4) × (93 + 4), அதாவது 89 × 97. முடிந்தது. 91உம் அப்படித்தான்: 100 − 9, ஆகவே (10 − 3) × (10 + 3). பியர் த ஃபெர்மா என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் 17ஆம் நூற்றாண்டில் கண்ட வழி இது. 2027651281 என்ற பத்து இலக்க எண்ணை அவர் இப்படித்தான் 44021 × 46061 என்று உடைத்தார். 45030 தொடங்கி 45041 வரை 12 எண்களைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. உடையும் இரண்டு துண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால்தான் இது வேகமாக நடக்கும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்றால் வெகுநேரம் இழுக்கும்.

பட்டியல் போட்டு வகுக்கும் வழிக்கும் எல்லை உண்டு. எண்ணுக்கு 20 இலக்கம் என்றால் 10 இலக்கம் வரை உள்ள பகா எண்களை எல்லாம் சோதிக்க வேண்டியிருக்கும். அவை 45 கோடிக்கு மேல். விநாடிக்கு ஒரு வகுத்தல் என்று ராப்பகலாகச் செய்தாலும் 14 ஆண்டு ஆகும்.

வகுத்துப் பார்க்காமலே, காரணி எது என்று தெரியாமலே, "இது உடையும்" என்று சொல்ல வழி இருக்கிறதா? இருக்கிறது. அதையும் கண்டவர் ஃபெர்மாதான். 1640இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 7 என்று வைப்போம். அதைவிட ஒன்று குறைவு 6. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 2⁶ = 64. அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. அடுத்து 13. 2¹² = 4096; 13ஆல் வகுத்தால் 4095 போக மீதி 1. 2ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் இப்படி மீதி 1 வந்தே தீரும். 2க்குப் பதில், அந்தப் பகா எண்ணால் வகுபடாத வேறு எந்த எண்ணை வைத்தாலும் வரும்.

இதை 91க்குச் செய்வோம். அது பகா எண் என்றால் 2⁹⁰ஐ 91ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 2⁹⁰ என்பது 28 இலக்க எண். அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை, மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகலாம். 2¹² = 4096; 45 × 91 = 4095; மீதி 1. 12 முறை பெருக்கினால் மீதி 1 என்றால் 24, 36 என்று போய் 84 முறை பெருக்கினாலும் மீதி 1தான். 90க்கு இன்னும் 6 பாக்கி. 2⁶ = 64. ஆகவே மீதி 64. 1 வரவில்லை. 91 பகா எண் அல்ல!

நாம் இப்போது என்ன செய்தோம் என்பதை நிதானமாகப் பாருங்கள். 7ஐயும் தொடவில்லை, 13ஐயும் தொடவில்லை. 91 உடையும் என்று நிரூபித்துவிட்டோம்; எங்கே உடையும் என்பதைப் பற்றி இந்தக் கணக்கு வாயே திறக்கவில்லை. கணக்கில் நான் கண்ட அதிசயங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

இந்த இரண்டு கேள்விகளும் நிஜமாகவே பிரிந்து நின்ற ஒரு வரலாறு உண்டு. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் வெளியிட்ட ஒரு பட்டியலில் 2⁶⁷ − 1 பகா எண் என்று சொல்லியிருந்தார். 21 இலக்க எண் அது: 14,75,73,95,25,89,67,64,12,927. 1876இல் எதுவார் லூக்கா, ஃபெர்மா வழியைப் போலவே காரணியைத் தேடாத ஒரு சோதனையால், அது பகா எண் அல்ல என்று காட்டினார். உடையும் என்று உறுதியாகிவிட்டது. எங்கே என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை என்று கதை. ஒரு பக்கம் 2ஐ 67 முறை பெருக்கி 1ஐக் கழித்தார். மறுபக்கம் 19,37,07,721ஐ 7,61,83,82,57,287ஆல் நீளப் பெருக்கலாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தது. பேசாமல் போய் உட்கார்ந்தார். கூட்டம் எழுந்து கைதட்டியதாம். அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னால் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பேச்சில்லாமல் நடந்த அந்தப் பாடத்தை நினைத்தால், கரும்பலகையோடு வாழ்ந்த எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஃபெர்மா சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மீதி 1 வராவிட்டால் எண் உடையும், அது உறுதி. மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று சொல்லிவிட முடியாது. அதே 91ஐ 2க்குப் பதில் 3ஐ வைத்துச் சோதியுங்கள். 3⁶ = 729; 8 × 91 = 728; மீதி 1. 90 என்பது 6இன் மடங்கு, ஆகவே 3⁹⁰க்கும் மீதி 1. 3ஐக் கொண்டு பார்த்தால் 91 பகா எண் போலவே நடிக்கிறது. 2ஐக் கொண்டு பார்த்தால் மாட்டிக்கொள்கிறது. எதைக் கொண்டு பார்த்தாலும் மாட்டாத எண்களும் உண்டா என்றால், உண்டு. அவற்றின் பண்பை விரிவாக ஆராய்ந்த ராபர்ட் கார்மைக்கேல் பெயரால் அவை கார்மைக்கேல் எண்கள் எனப்படுகின்றன. முதலாவது 561, அடுத்தது 1105, மூன்றாவது 1729!

லண்டனில் படுக்கையில் இருந்த ராமானுஜனைப் பார்க்க கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர் அது. 7 × 13 × 19 என்று உடைத்துப் பார்த்துவிட்டு, சுவாரசியம் இல்லாத எண் என்று ஹார்டி சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிந்த மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் மறுத்தார்: 1³ + 12³, 9³ + 10³. ஹார்டி எழுதிய அந்த 7, 13, 19 மூன்றையும் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்தால் 6, 12, 18. 1729இல் ஒன்று குறைத்தால் 1728. அதை 6 மீதியில்லாமல் வகுக்கும், 12 வகுக்கும், 18உம் வகுக்கும். 7, 13, 19 மூன்றுக்கும் தனித்தனியே 1 மீதி வருவதால் 1729க்கும் 1 வந்துவிடுகிறது. 7, 13, 19 எதுவும் காரணியாக இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் 1729 பகா எண் வேடத்தைக் கலைப்பதில்லை. 91ஐ 19ஆல் பெருக்கினால் வருவதும் இதே 1729தான். இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994இல் நிரூபித்தார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க கேரி மில்லர், மைக்கேல் ரேபின் இருவரின் வேலையிலிருந்து 1980 வாக்கில் ஒரு திருத்திய சோதனை வந்தது. குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்துச் சோதித்தால், உடையக்கூடிய எண் தப்பிப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்புக்கு மேல் இல்லை. இருபது முறை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். நடைமுறைக்கு இது போதும், இன்றும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு போடுகிறவர்களின் மனசுக்கு மட்டும் அது போதவில்லை. வாய்ப்பு, அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லாமல், எந்த எண்ணுக்கும் விரைவாக, உறுதியாக விடை தரும் வழி உண்டா என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது.

விடை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது. பேராசிரியர் மணீந்திர அகர்வால், அந்தக் கோடையில்தான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா, மூன்று பேர். அவர்கள் தொடங்கிய இடம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பாஸ்கல் முக்கோணம். ஏழாவது வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டால் மற்ற எல்லாம் 7ஆல் வகுபடும். ஆறாவது வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. அதில் 15 ஆறால் வகுபடாது. ஒன்பதாவது வரிசையில் வரும் 84 ஒன்பதால் வகுபடாது. பகா எண் என்றால் உள்ளே உள்ள எல்லாம் வகுபடும். பகா எண் அல்ல என்றால் ஏதாவது ஒன்று அடம்பிடிக்கும். இதில் 1729ஆல் கூட ஏமாற்ற முடியாது. ஆனால் பெரிய எண்ணுக்கு அந்த வரிசை முழுவதையும் எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. வரிசை முழுவதையும் எழுதாமல், சுருக்கிய வடிவத்தில் சில சோதனைகள் மட்டும் செய்தாலே உறுதியாகச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். 2004இல் அது ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் வந்தது. 2006இல் கோடெல் பரிசு பெற்றது. நம் நாட்டில், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய இரண்டு பிள்ளைகள் கூடச் சேர்ந்து செய்த வேலை இது. கணக்குப் பாடம் நடத்தும் ஒவ்வொருவரும் இதை வகுப்பில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்வி அத்துடன் தீர்ந்தது. இரண்டாவது கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கான்பூர் வழியும் ஓர் எண்ணைப் பகா எண் அல்ல என்று சொல்லும். எங்கே உடையும் என்று காட்டித் தராது.

1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் இந்த இடைவெளியைப் பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைத் தேடி எடுத்துப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்ததை ஊரறியச் சொல்லலாம்; அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு பகா எண்களும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் கடவுச்சொல்லும் பணமும் பத்திரமாகப் போவதற்கும், டிஜிட்டல் கையொப்பத்துக்கும் இந்தப் பூட்டு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இன்று வழக்கத்தில் உள்ள பூட்டெண்ணுக்கு 617 இலக்கம். அதற்கு 300 இலக்கத்துக்கு மேல் உள்ள இரண்டு பகா எண்கள் வேண்டும். அந்த அளவில் ஏறத்தாழ 700 எண்ணுக்கு ஒன்று பகா எண். கணினி குத்துமதிப்பாக ஒற்றைப்படை எண்களை எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால் சில நூறு முயற்சியில் ஒன்று அகப்பட்டுவிடும். முதல் கேள்வி எளிதாக இருப்பதால்தான் பூட்டைச் செய்ய முடிகிறது. இரண்டாவது கடினமாக இருப்பதால்தான் அதை உடைக்க முடியவில்லை.

அலட்சியமாகச் செய்த பூட்டுகள் உடையவும் செய்யும். இரண்டு பகா எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் 8633ஐ ஒரே வரியில் உடைத்த வழியே போதும். இன்னோர் ஆபத்து மீப்பெரு பொதுக் காரணி. யாருக்கும் உடைக்கத் தெரியாத இரண்டு எண்கள் ஒரு பகா எண்ணைப் பொதுவாக வைத்திருந்தால், யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த வழி அதைப் பிடித்துவிடும். 8633, 9991 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதில் சிறியதைக் கழித்தால் 1358. 8633ஐ 1358ஆல் வகுத்தால் மீதி 485. 1358ஐ 485ஆல் வகுத்தால் மீதி 388. 485ஐ 388ஆல் வகுத்தால் மீதி 97. 388ஐ 97 மீதியில்லாமல் வகுக்கிறது. 97தான் பொதுக் காரணி. இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் உடைந்தன. 2012இல் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் கிடைத்த லட்சக்கணக்கான பூட்டெண்களை இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, பல ஆயிரம் பூட்டுகள் கையோடு திறந்துகொண்டன. பகா எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது கருவிகள் குத்துமதிப்பைச் சரியாகச் செய்யாமல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தன.

ஒழுங்காகச் செய்த பூட்டுகளில் உலகம் இதுவரை போன தூரம் குறைவு. 1977இல் சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண் 1994இல்தான் உடைந்தது. நூற்றுக்கணக்கானோர் தங்கள் கணினிகளைக் கொடுத்து உதவினார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள். ஒரே ஒரு பிராசசர் கோரை வைத்துச் செய்திருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டு ஓடியிருக்கும். அதிலிருந்து 617 இலக்கம் எங்கேயோ இருக்கிறது. குவாண்டம் கணினி வந்தால் இதை விரைவாகச் செய்யும் வழியைப் பீட்டர் ஷோர் 1994இலேயே எழுதிவிட்டார். அந்த அளவுக்கு வேலை செய்யும் கருவிதான் இன்னும் கைக்கு வரவில்லை.

இதையெல்லாம் பத்தாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், காரணி கண்டுபிடிக்கறது கஷ்டம்னு நிரூபிச்சிருக்காங்களா?"

"இல்லைம்மா. யாரும் நிரூபிக்கல."

"அப்ப ஈஸியா ஒரு வழி இருந்தாலும் இருக்கலாமா?"

"இருக்கலாம். இல்லைன்னு இதுவரைக்கும் யாராலும் சொல்ல முடியல."

அவள் நோட்டில் 8633ஐ மறுபடி எழுதி, 93ஐத் தவிர வேறு எந்த எண்ணிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.